பசியாறல்: ஒரு சொல்லின் மலேசிய வாழ்வு

அயலகத்தில் தலைமுறை தலைமுறையாக வாழ்வோரின் பழக்கவழக்கங்கள் மாறிவருவதை உடையில் காணலாம், வீட்டமைப்பில் காணலாம். மொழியியலைத் தொழிலாகக் கொண்ட நாம் அதனைச் சொல்லில் தேடுகிறோம். இவ்வுரைக்கு மலேசியத் தமிழர் நாள்தோறும் வழங்கும் ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம்: பசியாறுதல்.

தமிழகத்திலிருந்து வந்த விருந்தினரிடம் காலையில், “பசியாறிட்டீங்களா?” என்று கேட்டால் அவர் சற்றுத் தயங்குவார். அச்சொல் அவருக்குப் புரியாததன்று. எந்த வேளை உணவுக்கும், சிறப்பாகப் பசித்து வந்தவர் வயிறார உண்பதற்கு, அவர் அதனை ஆள்வார். நம்மிடையே அது காலை உணவைச் சுட்டும். நண்பகலில் “சாப்பிட்டீங்களா?” என்போமேயன்றிப் பசியாறினீர்களா என்பதில்லை. பொதுப்பொருள் சுருங்கிச் சிறப்புப்பொருள் ஆகியிருக்கிறது. தமிழகக் கரையோர முஸ்லிம்களிடையேயும் இவ்வழக்கு உண்டாதலால், மலாயாவில்தான் இது பிறந்தது என்று நாம் உரிமை கொண்டாடுவதற்கில்லை. ஆயினும் இங்கே சமய வேறுபாடின்றி அனைவரின் சொல்லாகவும் அது வேரூன்றியமைக்குத் தோட்ட வாழ்க்கை பெருங்காரணம் என்பது நம் கருத்து.

பால்மரம் விடியற்காலைக் குளிர்ச்சியில்தான் நன்கு பால் சுரக்கும். வெயில் ஏற ஏற மரத்தினுள் நீரழுத்தம் குறைந்து ஒழுக்கு மெலியும். ஆகவே தொழிலாளர் இருள் பிரியுமுன் பெரட்டுக்கு நின்று (ஆங்கிலப் ‘பரேட்’ தமிழில் இவ்வாறு ஆயிற்று), நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குச் செல்ல வேண்டியிருந்தது. புறப்படும்போது வயிற்றில் இருந்தது பெரும்பாலும் வெறுங்கோப்பி. மரம் வெட்டி முடிந்ததும், பால் மங்கில் சேரும்வரை சிறிது ஓய்வு கிடைக்கும். நாளின் முதல் உணவு அப்போதுதான். சில மணிநேர உழைப்புக்குப் பின் மரநிழலில் உட்கார்ந்து உண்பதைச் ‘சிற்றுண்டி’ என்று எவர் சொல்வார்? அங்கே பசி உண்மையிலேயே ஆறிற்று. சூடு ஆறுவதுபோல, புண் ஆறுவதுபோல.

இலக்கண நோக்கிலும் இச்சொல் சுவையானது. ‘பசி ஆறியது’ என்னும் தொடரில் பசியே எழுவாய். ‘நான் பசியாறினேன்’ என்கையில் பெயரும் வினையும் ஒட்டி, ‘இளைப்பாறினேன்’ என்பதுபோல் ஒரே வினையாகிவிடுகின்றன; எழுவாய் ஆள் ஆகிவிடுகிறார். உண்ட பொருளுக்கு அதில் இடமே இல்லை. இட்டிலியா, ரொட்டியா, பழைய சோறா என்று அது கேட்பதில்லை. உம் பசி போயிற்றா என்றே கேட்கிறது. அண்டை வீட்டு மலாய்க்காரர் ‘சூடா மாக்கான்?’ என்றும், ஹொக்கியன் பேசும் சீனர் ‘சியாக் பா புவே?’ என்றும் வினவி நலம் விசாரிக்கும் நாட்டில், இவ்வினா முகமனாக நிலைத்ததில் வியப்பில்லை.

1938இல் இந்திய அரசு மலாயாவுக்கு உதவிபெற்றுச் செல்லும் தொழிலாளர் குடியேற்றத்தைத் தடைசெய்தது. கங்காணிகள் ஊருக்குப் போய் ஆள் கூட்டிவரும் முறை அதனுடன் முடிந்தது. தாயகப் பேச்சு ஆண்டுதோறும் புதிதாக வந்து கலப்பது குறையவே, இங்குள்ள வழக்கு தனக்கென ஒரு நிலைபெற்றது.

பின்னர்த் தோட்டமும் மாறிற்று. ரப்பர் இருந்த இடத்தில் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாயின. மக்கள் நகர்ப்புறங்களுக்குப் பெயர்ந்தனர். செம்பனைக் குலையை வெட்ட விடியலின் குளிர் தேவையில்லை. தொழிற்சாலையிலோ முறைவேலை: ஒருவர் பணி முடிந்து திரும்பும் நேரத்தில் மற்றவர் புறப்படுகிறார். ஒன்றாக அமர்ந்து பசியாறிய வழக்கம் சிதைந்து, அவரவர் போகும் வழியில் கடையில் உண்பதாயிற்று.

சொல் மட்டும் உடன் வந்தது. ஆனால் இப்போது நாளிதழ்களில் ‘காலைப் பசியாறல்’ என்று எழுதக் காண்கிறோம். முன்பு அச்சொல்லுக்குள்ளேயே காலை இருந்தது. வெளியிலிருந்து சேர்க்க வேண்டியதில்லை. அடைமொழி தேவைப்படுகிறதென்றால், சொல்லிலிருந்து வேளை கழன்றுகொண்டிருக்கிறது என்று பொருள்.

இதனினும் நம்மை வருத்துவது வேறொன்று. மாணவர் கட்டுரையில் ‘பசியாறினேன்’ என்று எழுதினால், அதனைக் கொச்சையெனக் கருதிச் சிவப்பு மையால் அடித்து, ‘சிற்றுண்டி உண்டேன்’ என்று திருத்தும் ஆசிரியர்கள் உளர். பசி, ஆறு என்னும் இரண்டும் பழந்தமிழ்ச் சொற்கள். புணர்ச்சியில் பிழையில்லை, பொருளில் மயக்கமில்லை. பாட்டி வாயில் கேட்ட சொல் தவறு என்று கற்கும் பிள்ளை, அடுத்து ‘பிரேக்ஃபஸ்ட்’ என்றே சொல்லும். வீட்டில் எவரும் வழங்காத ‘சிற்றுண்டி’ அதன் நாவில் ஏறுவதில்லை. பாடநூல் எழுதுவோர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

காலையில் கூடி உண்ட வேளை போனாலும், கூடும் ஆசை போகவில்லை. அது இரவுக்கு நகர்ந்திருக்கிறது. விடிய விடியத் திறந்திருக்கும் மாமாக் கடைகளில் இளையோர் நள்ளிரவு கடந்தும் தே தாரிக் கோப்பையுடன் அமர்ந்திருக்கின்றனர். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘தண்ணி குடிக்கப் போறோம்’. இங்குத் தேநீரும் மைலோவும் பழச்சாறும் ‘தண்ணி’யே, கடைக்காரர் முதலில் கேட்பதும் “என்ன தண்ணி?” என்றுதான். தமிழகத்து உறவினர் எவரேனும் வீட்டில் தங்கியிருந்தால், மகன் அவ்வாறு சொல்லிவிட்டுப் புறப்படுமுன் அவருக்கு இதனைச் சற்று விளக்கிவிடுவது நல்லது.