சூமோ மற்போர்

மற்போர் பயிலாத நாடு உலகில் அரிது. ஆயின், களத்தையே கோயிலாகக் கொண்டு நிகழும் மற்போர் ஒன்று ஜப்பான் நாட்டில் உண்டு. சூமோ என்பது அதன் பெயர். ஆண்டிற்கு ஆறு முறை, ஒவ்வொரு முறையும் பதினைந்து நாள், அதன் பெரும்போட்டிகள் நடைபெறுகின்றன.

களிமண்ணை இறுக்கி உயர்த்திய சதுர மேடையே களம். அதன்மீது வைக்கோற் பொதிகளைப் பாதி புதைத்து, 4.55 மீட்டர் குறுக்களவுள்ள வட்டம் ஒன்றை அமைப்பர். போட்டிக்கு முதல்நாள் நடுவர்கள் பூசகர் கோலம் பூண்டு வழிபாடு ஆற்றி, அரிசி, உப்பு, கடற்பாசி முதலியவற்றை வட்டத்தின் நடுவே குழியிலிட்டு மூடுவர். மேலுள்ள கூரை ஷிந்தோ சமயக் கோயிற் கூரையின் வடிவினது. முன்பு அதனை நான்கு தூண்கள் தாங்கி நின்றன. காண்போர் பார்வையை அவை மறைத்தமையால், 1952-ஆம் ஆண்டில் அவற்றை நீக்கிக் கூரையை மேலிருந்து தொங்கவிட்டனர். தூண்கள் நின்ற மூலைகளில் இன்று பச்சை, சிவப்பு, வெள்ளை, கறுப்பு நிறக் குஞ்சங்கள் தொங்குகின்றன. அவை நாற்றிசைகளையும் நாற்பருவங்களையும் குறிப்பனவாம்.

களம் ஏறிய மல்லர் உடனே பொருதுவதில்லை. வாயைக் கொப்பளித்து, கைகளைத் தட்டி, வெறுங்கையை விரித்துக் காட்டுவர். கருவி எதனையும் மறைத்து வைக்கவில்லை என்பது அதன் குறிப்பு. காலை உயரத் தூக்கி நிலம் அதிர மிதிப்பர். களம் தூய்மையுறும்பொருட்டு உப்பை அள்ளி வீசுவர். முதன்மை மல்லர்க்கு இவையெல்லாம் நான்கு நிமிடம் வரை நீளும். போரோ பெரும்பாலும் சில நொடிகளில் முடிந்துவிடும்! வட்டத்திற்கு வெளியே அடி பட்டாலும், உள்ளங்கால் ஒழிந்த வேறோர் உறுப்பு நிலத்தைத் தீண்டினாலும் தோல்வியே. வென்றவன் துள்ளிக் குதிப்பதில்லை. முகத்தில் மகிழ்ச்சி தோன்றுவதும் இழுக்கு எனக் கருதப்படும். ஆரவாரமே வெற்றியின் அடையாளமாகிவிட்ட இக்காலத்தில் இவ்வடக்கம் போற்றத் தக்கதே. தலைமை நடுவரின் இடையில் ஒரு குறுவாள் இருக்கும். தீர்ப்புப் பிழைத்தால் உயிர் துறப்பேன் என்னும் பழைய உறுதிமொழியின் சின்னம் அது. இக்காலத்தில் பதவி விலகல் மடல் தருவதோடு அவர் அமைந்துவிடுகிறார்.

இம்முறைகளை ஏற்று ஒழுகிய அயல்நாட்டாரையும் சூமோ உயர்த்தியுள்ளது. ஹவாய்த் தீவிற் பிறந்த அக்கெபோனோ 1993-ஆம் ஆண்டில் 'யோகொசுனா' என்னும் தலைமைப் பட்டம் பெற்றார். மங்கோலியரான ஹக்குஹோ 45 முறை வாகை சூடினார். பெண்டிர்க்கு மட்டும் அக்களத்தில் கால்வைக்க இடமில்லை. ஒசாகா மாநிலத்தின் ஆளுநராக 2000-ஆம் ஆண்டில் தேர்ந்தெடுக்கப்பட்ட பெண்மணி, வென்றவர்க்குத் தம் கையாற் பரிசளிக்க விரும்பினார். சூமோ சங்கத்தார் இசையவில்லை.

2018-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் மாய்சுரு என்னும் நகரில் சூமோ நிகழ்ச்சி ஒன்று நடைபெற்றது. களத்தில் நின்று உரையாற்றிய நகரத் தலைவர் திடீரென மயங்கி வீழ்ந்தார். கூட்டத்திலிருந்த பெண்கள் சிலர் விரைந்து மேலேறி, அவர் மார்பை அழுத்தி முதலுதவி செய்யலாயினர். அப்பொழுது, பெண்கள் களத்தை விட்டு இறங்குக என ஒலிபெருக்கியில் நடுவர் ஒருவர் பன்முறை அறிவித்தார்! களத்தின் தூய்மை காக்க எழுந்த விதி, உயிர் காக்கும் கைகளைத் தடுக்க முற்பட்டது. நகரத் தலைவர் உயிர் பிழைத்தார். நாடெங்கும் கண்டனம் எழவே, உயிருக்கு இடர் நேர்ந்த வேளையில் அவ்வறிவிப்புத் தகாதது எனச் சங்கத் தலைவர் மன்னிப்புக் கோரினார்.

இரண்டு நாள் கழித்துத் தகராசுகா என்னும் நகரில் சூமோ நிகழ்ந்தது. அந்நகரத் தலைவர் ஒரு பெண்மணி. ஆண் தலைவரைப் போலத் தாமும் மேடையேறிப் பேச அவர் இசைவு வேண்டினார், கிடைக்கவில்லை. களத்தின் அருகே, கீழே நின்றே அவர் பேசினார்.