பழைய நிரல்களைப் பேசவைக்கும் அம்யூஸ்

ஒரு விண்மீன் கொத்தில் ஆயிரக்கணக்கான விண்மீன்கள் ஒன்றையொன்று ஈர்த்தபடி சுற்றுகின்றன. கூடவே ஒவ்வொன்றும் எரிந்து, முதிர்ந்து, நிறையை இழக்கிறது. நிறை குறைந்தால் ஈர்ப்பு குறையும். எல்லாப் பாதைகளும் மாறும். ஈர்ப்பு, முதுமை இரண்டையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். ஆனால் ஈர்ப்புக்கு ஒருவர் நிரல் எழுதினார், விண்மீனின் முதுமைக்கு இன்னொருவர். பீட்டர் எகிள்டனின் விண்மீன் பரிணாம நிரல் 1971இல் வேர்விட்டது, மொழி ஃபோர்ட்ரான். இத்தனை காலம் சோதித்துப் பிழை களைந்த ஒன்றைத் தூக்கிப்போட்டுப் புதிதாக எழுதுவது பெரும் இழப்பு.

நெதர்லாந்தின் லைடன் வானாய்வகத்தில் சைமன் போர்ட்டெகீஸ் ஸ்வார்ட்டின் குழு வளர்த்த 'அம்யூஸ்' என்ற மென்பொருள் அந்த இழப்பைத் தவிர்க்கிறது. ஆய்வாளர் பைத்தான் மொழியில் சில வரிகள் எழுதுகிறார். அம்யூஸ் ஒவ்வொரு பழைய நிரலையும் தனியாக, அதற்கென்று நினைவகம் கொடுத்து ஓடவிடுகிறது. பைத்தானுக்கும் அதற்கும் நடுவே எம்பிஐ என்ற செய்திப் பரிமாற்ற முறை வழியாகச் செய்திகள் போய்வருகின்றன: எந்தச் செயற்கூறு, எத்தனை விண்மீன்களுக்கு, என்னென்ன எண்கள். கணக்கு முடிந்ததும் விடை திரும்புகிறது.

நிரலை நேரடியாகப் பைத்தானுக்குள் இணைத்தால் என்ன? பழைய ஃபோர்ட்ரான் நிரல்கள் தரவை 'காமன்' என்ற பொது நினைவிடத்தில் வைக்கும். ஒரே நிரலை இரண்டு கொத்துகளுக்கு ஒருசேர ஓட்டினால், ஒன்றின் எண்கள்மேல் மற்றது எழுதிவிடும். தனித்தனி நினைவகம் இருந்தால் அந்தத் தொல்லையே இல்லை. செய்தி போய்வர நேரம் பிடிக்கும் என்பது உண்மைதான். அதனால் ஆயிரம் விண்மீன்களின் விவரமும் ஒரே செய்தியில் போகும்.

அலகுகள் இன்னொரு சிக்கல். ஈர்ப்பு நிரல்கள் பல, ஈர்ப்பு மாறிலியையும் கொத்தின் மொத்த நிறையையும் 1 என்றே வைத்துக்கொள்ளும். பரிணாம நிரலோ சூரிய நிறையில் பேசும். அம்யூஸில் எண்ணோடு அலகும் ஒட்டியே வருவதால் மாற்றம் தானாக நடக்கிறது. மீட்டரும் பார்செக்கும் கலந்து ஒரு மாதக் கணக்கு வீணாவதை அறிந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

எனக்கு இதில் மிகப் பிடித்தது வேறு. எல்லா ஈர்ப்பு நிரல்களுக்கும் பைத்தானில் ஏறத்தாழ ஒரே முகம் என்பதால், நிரலின் பெயர் வரும் ஒன்றிரண்டு வரிகளை மாற்றி, அதே ஆய்வை வேறொருவரின் நிரலில் ஓட்டலாம். கொத்து கலைவதாக இரண்டும் சொன்னால் நம்பிக்கை கூடும். முரண்பட்டால், வானத்தைப் பற்றி எழுதும் முன் நிரல்களைத் திறந்து பார்க்க வேண்டும்.