தங்குவிடுதி வெகுமதித் திட்டங்கள்

தங்குவிடுதி வெகுமதித் திட்டம் என்பது, ஒரே விடுதிக் குழுமத்தில் மீண்டும் மீண்டும் தங்கும் பயணிகளுக்கு அக்குழுமம் புள்ளிகளையும் சலுகைகளையும் வழங்கும் ஏற்பாடு ஆகும். செலவிடும் பணத்துக்கு ஏற்பப் புள்ளிகள் சேரும். அவற்றைக் கொண்டு பின்னர் வாடகை செலுத்தாமல் அறை பெறலாம். ஓராண்டில் தங்கும் இரவுகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப உறுப்பினரின் தகுதிநிலை உயரும். உயர்ந்த தகுதிநிலைக்குக் காலை உணவு, பெரிய அறை, தாமதமாக அறையைக் காலி செய்யும் உரிமை போன்றவை கிடைக்கும். புள்ளியும் தகுதிநிலையும் தனித்தனிக் கணக்குகள். திட்டங்களை ஒப்பிடுவோர் இவ்விரண்டையும் கலந்துவிடுவதால் பல பிழைகள் நேர்கின்றன.

புள்ளியை ஒரு தனியார் நாணயமாகக் கருதினால் விளங்கிக்கொள்வது எளிது. அந்த நாணயத்தை வெளியிடும் நிறுவனமே அதனால் வாங்கக்கூடிய அறைக்கும் விலை குறிக்கிறது.

வரலாறு

1981 இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தொடங்கிய அட்வான்டேஜ் திட்டத்தைப் பின்பற்றி, 1983 இல் ஹாலிடே இன், மாரியட் ஆகிய குழுமங்கள் தம் திட்டங்களைத் தொடங்கின. ஹில்ட்டனும் ஹையாட்டும் 1987 இல் தொடங்கின. 1999 இல் ஸ்டார்வுட் குழுமம் தொடங்கிய திட்டம் நெடுங்காலம் பயணிகளின் நன்மதிப்பைப் பெற்றிருந்தது. 2016 இல் மாரியட் ஸ்டார்வுட்டை வாங்கியது. 2018 ஆகத்து மாதத்தில் இரு திட்டங்களும் இணைக்கப்பட்டபோது, ஒரு ஸ்டார்வுட் புள்ளி மூன்று மாரியட் புள்ளிகளாக மாற்றப்பட்டது. 1,00,000 புள்ளிகள் வைத்திருந்தவர் மறுநாள் 3,00,000 புள்ளிகளுக்கு உரியவரானார். ஆனால் அவர் செல்வம் மும்மடங்காகிவிடவில்லை. இணைந்த திட்டம் 2019 முதல் மாரியட் பான்வாய் எனப்படுகிறது.

புள்ளியின் மதிப்பைக் கணித்தல்

மாரியட், ஹில்ட்டன், ஐ.எச்.ஜி ஆகியவை தம் பெரும்பாலான விடுதிகளில் ஒரு டாலருக்கு 10 அடிப்படைப் புள்ளிகள் தருகின்றன. ஹையாட் 5 மட்டுமே தருகிறது. இதைக் கொண்டு ஹையாட் பாதிதான் தருகிறது என்று முடிவு செய்வது, ஆயிரம் யென் ஆயிரம் டாலரைவிடக் குறைந்ததன்று என்று சொல்வதைப் போன்றது. பயணத்துறையில் பரவலாக வழங்கும் மதிப்பீடுகளின்படி, ஹையாட்டின் ஒரு புள்ளி ஏறத்தாழ 1.7 சென்ட், மாரியட்டின் புள்ளி 0.7 சென்ட், ஹில்ட்டன், ஐ.எச்.ஜி புள்ளிகள் 0.5 சென்ட் அளவில் அமைகின்றன. அதன்படி 100 டாலர் செலவுக்கு ஹையாட்டில் 8.5 டாலரும், மாரியட்டில் 7 டாலரும், மற்ற இரண்டில் 5 டாலரும் திரும்பக் கிடைக்கின்றன எனலாம். அக்கோர் குழுமத்தில் இந்தச் சிக்கல் இல்லை: 2,000 புள்ளிகளுக்கு 40 யூரோ என்று மதிப்பு நிலையாக வரையறுக்கப்பட்டுள்ளது. இதில் பெரும்பேறும் இல்லை, ஏமாற்றமும் இல்லை.

மேற்கண்டவை சராசரிகளே. ஒரு குறிப்பிட்ட பயணத்துக்குப் பயணியே கணக்கிடுவது நல்லது. எடுத்துக்காட்டாக, ஓர் இரவின் வாடகை 180 டாலர், வரி 27 டாலர், புள்ளி விலை 40,000 என்று கொள்வோம். 207 டாலரை 40,000 ஆல் வகுத்தால் ஒரு புள்ளிக்கு 0.52 சென்ட் கிடைக்கிறது. ஆனால் பணம் கொடுத்துத் தங்கியிருந்தால் 1,800 புள்ளிகள் சேர்ந்திருக்கும். புள்ளியால் தங்குவோர் அவற்றை இழக்கிறார். ஆகவே உண்மையில் செலவாவது 41,800 புள்ளிகள், மதிப்பு 0.50 சென்ட்டாகக் குறைகிறது. அவ்விடுதி வாடகைக்கு மேல் 35 டாலர் ரிசார்ட் கட்டணமும் வசூலிப்பதானால் கணக்கு மீண்டும் மாறும். ஹில்ட்டனிலும் ஹையாட்டிலும் முழுவதும் புள்ளிகளால் பெறும் இரவுகளுக்கு அக்கட்டணம் இல்லை. மிச்சமாவது 242 டாலர் என்பதால் மதிப்பு 0.58 சென்ட்டாக உயரும். மாரியட்டில் புள்ளியால் தங்குவோரிடமும் அக்கட்டணம் பெறப்படுகிறது.

நீண்ட தங்கலுக்கு வேறு சலுகையும் உண்டு. மாரியட்டில் தொடர்ந்து ஐந்து இரவுகளைப் புள்ளிகளால் பெற்றால் ஓர் இரவுக்குப் புள்ளிகள் கழிக்கப்படுவதில்லை. ஹில்ட்டன் இதனைத் தகுதிநிலை பெற்றவர்களுக்கு மட்டும் அளிக்கிறது.

மிகுதியாகக் காணப்படும் பிழை மற்றொன்று. 900 டாலர் மதிப்புள்ள கடற்கரை விடுதியை 80,000 புள்ளிகளுக்குப் பெற்றவர், புள்ளிக்கு 1.1 சென்ட் பெற்றதாக மகிழ்வார். புள்ளிகள் இல்லாவிட்டால் அவர் 300 டாலருக்கு மேல் கொடுத்திருக்க மாட்டார் என்றால், அவரளவில் அப்புள்ளியின் மதிப்பு 0.38 சென்ட்தான். (தங்கிய இன்பத்தை இக்கணக்கு குறைப்பதில்லை என்பது வேறு.)

புள்ளி விலைப்பட்டியல்கள்

முன்னர் ஒவ்வொரு குழுமமும் விடுதிகளை வகைப்படுத்தி, எவ்வகைக்கு எத்தனை புள்ளிகள் என்று பட்டியல் வெளியிட்டது. ஹில்ட்டன் 2017 இல் பட்டியலைக் கைவிட்டது. மாரியட் 2022 இல் கைவிட்டது. அதன்பின் புள்ளி விலை அறை வாடகையைப் போலவே நாளுக்கு நாள் மாறுகிறது. ஹையாட் பட்டியலைத் தொடர்ந்து வெளியிட்டது: 2025 இல் இருந்த பட்டியலில் எட்டு வகை விடுதிகளின் சாதாரண அறைகளுக்கு ஓர் இரவுக்கு 3,500 முதல் 45,000 வரை புள்ளிகள் குறிக்கப்பட்டிருந்தன. ஆண்டுதோறும் சில விடுதிகள் மேல்வகைக்கு மாற்றப்படுவதால், பட்டியல் இருப்பதும் முழுப் பாதுகாப்பு ஆகாது. எனினும் இலக்கு எதுவென்று தெரிந்து சேமிக்க அது உதவுகிறது. புள்ளிக்கு வட்டி இல்லை, பணவீக்கம் உண்டு. ஆகவே புள்ளிகளைப் பல ஆண்டுகள் சேர்த்து வைப்பது பொதுவாக நட்டத்தில் முடியும்.

தகுதிநிலை

2025 வரையிலான விதிகளின்படி மாரியட்டின் பிளாட்டினம் நிலைக்கு ஆண்டுக்கு 50 இரவுகளும், ஹில்ட்டனின் டயமண்ட் நிலைக்கும் ஹையாட்டின் குளோபலிஸ்ட் நிலைக்கும் 60 இரவுகளும் தேவைப்பட்டன. கிடைப்பது ஒன்றல்ல. குளோபலிஸ்ட் உறுப்பினருக்கு முழுமையான காலை உணவு உண்டு. ஹில்ட்டன் 2021 இல் அமெரிக்காவிலுள்ள பல விடுதிகளில் காலை உணவுக்கு மாற்றாக ஒரு சிறு தொகையை உணவுச் செலவுக்கு வழங்கத் தொடங்கியது. மாரியட்டின் சலுகை விடுதிக்கு விடுதி வேறுபடும். அக்குழுமத்தின் மிக விலையுயர்ந்த பெயர்களுள் ஒன்றான ரிட்ஸ்-கார்ல்டனில் தகுதிநிலைக்காகக் காலை உணவு வழங்கப்படுவதில்லை.

பரப்பும் கருதத்தக்கது. 2024 இறுதியில் மாரியட்டிடம் 9,000க்கு மேற்பட்ட விடுதிகள் இருந்தன. ஹையாட்டிடம் 1,400 அளவிலேயே இருந்தன. தாம் பணியாற்றச் செல்லும் ஊரில் விடுதியே இல்லாத குழுமத்தின் 1.7 சென்ட் புள்ளியால் பயனில்லை. தகுதிநிலைக்காக ஓர் இரவுக்கு 20 டாலர் கூடுதலாகக் கொடுத்து 50 இரவுகள் தங்குவோர் 1,000 டாலர் செலவிடுகிறார். அதற்கு ஈடாகக் கிடைக்கும் காலை உணவுகள் அத்தொகைக்குத் தகுமா என்று பார்க்க வேண்டும்.

செலுத்துபவரும் பெறுபவரும்

பணிப்பயணத்தில் அந்த 1,000 டாலரைச் செலுத்துபவர் பயணி அல்லர், அவருடைய நிறுவனம். புள்ளிகள் பயணியின் கணக்கில் சேர்கின்றன. இத்திட்டங்களின் வலிமை பெருமளவு இவ்விடைவெளியில்தான் உள்ளது. அமெரிக்காவில் 2001 இறுதியில் இயற்றப்பட்ட சட்டம், நடுவண் அரசு ஊழியர்கள் பணிப்பயணத்தில் பெறும் இத்தகைய பயன்களைத் தாமே வைத்துக்கொள்ள அனுமதித்தது. செருமனியின் கூட்டாட்சித் தொழிலாளர் நீதிமன்றம் 2006 இல், நிறுவனம் செலுத்திய வானூர்திப் பயணங்களால் சேர்ந்த மைல்கள் நிறுவனத்துக்கே உரியவை என்று தீர்ப்பளித்தது.

மூன்றாவதாக ஒருவரும் உள்ளார். பெருங்குழுமங்களின் பெயர் தாங்கிய கட்டடங்களில் பெரும்பாலானவை வேறு உரிமையாளர்களுடையவை. உறுப்பினர் தங்கும்போது உரிமையாளர் திட்டத்துக்குக் கட்டணம் செலுத்துகிறார். புள்ளியால் தங்கும்போது திட்டம் அவருக்கு ஈடு செய்கிறது. விடுதி நிரம்பாத நாளில் அந்த ஈடு மிகக் குறைவு. ஏறக்குறைய நிரம்பிய நாளில் அது வழமையான வாடகையை ஒட்டி உயரும். புள்ளிக்குரிய ‘சாதாரண அறை’ இல்லை என்று சில விடுதிகள் கூறுவதற்கும், சூட் அறை காலியாக இருந்தும் கிடைக்காமற் போவதற்கும் இவ்வேற்பாடு ஒரு காரணம் ஆகும்.

காலாவதியும் தரவுப் பாதுகாப்பும்

மாரியட், ஹில்ட்டன், ஹையாட் ஆகியவற்றில் 24 மாதங்கள் எந்தச் செயற்பாடும் இல்லாவிட்டால் புள்ளிகள் காலாவதியாகும். ஐ.எச்.ஜி நிறுவனத்தில் தகுதிநிலை இல்லாதவர்களுக்கு இது 12 மாதங்கள்.

உறுப்பினர்கள் புள்ளிக்கு ஈடாகத் தம் பயண விவரங்களையும் தருகின்றனர். ஸ்டார்வுட்டின் முன்பதிவுத் தரவுத்தளம் ஊடுருவப்பட்டதை மாரியட் 2018 நவம்பரில் அறிவித்தது. பாதிக்கப்பட்ட பதிவுகள் உயர்ந்த அளவாக 38.3 கோடி என்று பின்னர் மதிப்பிடப்பட்டது. சிலருடைய கடவுச்சீட்டு எண்களும் அவற்றுள் இருந்தன. பிரித்தானியத் தகவல் ஆணையர் அலுவலகம் 2020 இல் மாரியட்டுக்கு 1.84 கோடி பவுண்டு தண்டம் விதித்தது. 2024 இல் அமெரிக்க நடுவண் வணிக ஆணையத்துடன் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, உறுப்பினர் கேட்டுக்கொண்டால் அவருடைய கணக்கை ஆய்ந்து, திருடப்பட்ட புள்ளிகளை நிறுவனம் திருப்பி வழங்க வேண்டும்.