நடனக்கூடத்திற் பதிந்த இசைத்தட்டு

இசைத்தட்டுக்கள் பெரும்பாலும் ஒலிப்பதிவுக்கெனவே அமைந்த அறைகளில் உண்டாகின்றன. வெளியோசை சிறிதும் நுழையாத அவ்வறையிலே பாடகர் தம் முன்னுள்ள கருவியையே சபையாகக் கருதிப் பாடுவர். வேறு சில தட்டுக்களோ ஜனங்கள் கூடிய இடத்திலேயே பதியப்படுவன. அமர்ந்து கேட்கும் சங்கீதத்திற்கு இவ்வேறுபாடு சிறிதாகலாம். ஆடுவதற்கென்றே தோன்றிய சங்கீதத்திற்கோ அது மிகப் பெரிதென்பது நம் கருத்து. கலிபோர்னியா மாகாணத்து ரிச்மண்டு நகரில் 1971ஆம் ஆண்டு கிளிப்டன் செனியர் என்பார் வாசித்த ஸைடிகோ இசைத்தட்டை இதற்குச் சான்றாகக் கொள்வோம்.

ஸைடிகோ இன்னதென்று உணர, அதன் உறவாகிய கேஜன் இசையையும் அறிதல் வேண்டும். கனடாவின் கீழ்க்கரையில் அக்கேடியா என்னும் பகுதியில் வாழ்ந்த பிரெஞ்சு மக்களை ஆங்கில அரசினர் 1755ஆம் ஆண்டு முதல் நாடு கடத்தினர். அவர்களிற் பலர் அலைந்து திரிந்து லூயிசியானாவையடைந்து, சதுப்பு நிலங்களிலும் புல்வெளிகளிலும் குடியேறினர். அக்கேடியர் என்னும் பெயரே நாளடைவிற் கேஜன் எனத் திரிந்தது. அவர்களுக்கு அயலே, பிரெஞ்சு பேசிய கறுப்பு மக்களாகிய கிரியோலர் வாழ்ந்தனர். இரு திறத்தாரும் வெவ்வேறு கூடங்களில் ஆடினரேனும், பாட்டுக்கள் வேலியைத் தாண்டிச் சென்றன. கிரியோலராகிய அமடே ஆர்டுவானும், பிடில் வாசிப்பவராகிய டென்னிஸ் மகீ என்னும் வெள்ளையரும் 1929ஆம் ஆண்டிலேயே ஒருங்கிருந்து தட்டுக்களிற் பதிந்துள்ளனர்.

லூயிசியானாவின் 1921ஆம் ஆண்டு அரசியற் சட்டம், பொதுப் பள்ளிகளில் ஆங்கிலத்திலேயே கற்பிக்க வேண்டுமென விதித்தது. வீட்டு மொழியைப் பேசிய சிறுவர் தண்டனையடைந்தனர். ஏட்டில் இடம்பெறாத அம்மொழிக்கு அடுக்களையும் நடனக்கூடமுமே புகலிடமாயின.

வாத்தியங்களைப் பற்றியும் ஒரு சொல். அக்கார்டியனை நம் ஆர்மோனியத்தின் ஒன்றுவிட்ட சகோதரன் எனலாம். இரண்டிலும் துருத்தியின் காற்றே உலோக நாக்குகளை அதிரச்செய்து ஒலி எழுப்புகின்றது. கேஜனர் விரும்புவது பத்துப் பொத்தான்களையுடைய சிறுவகை. செனியர் கையாண்டதோ பியானோவைப்போற் கட்டைகள் அமைந்த பெருவகை. ஆதலின் ப்ளூஸ் இசையின் நெளிவுகளுக்கும் அதில் இடமிருந்தது. அவர் தமையனார் கிளீவ்லந்து, நெளித்தகட்டை மார்புக் கவசம்போல் அணிந்து, புட்டி திறக்கும் கருவிகளால் அதனைத் தேய்த்துத் தாளமிடுவார். துணி தேய்க்கும் பலகையாயிருந்ததைத் தோளில் தொங்கும் கவசமாக்கிய யோசனை, 1946ஆம் ஆண்டிற் செனியருக்கே தோன்றியது! ஸைடிகோ என்னும் பெயரோ, அவரைகளைக் குறிக்கும் 'லே ஸாரிக்கோ' என்னும் பிரெஞ்சுச் சொற்களின் திரிபென்பர் பலர்.

ரிச்மண்டு நகரம் லூயிசியானாவுக்குச் சுமார் 2,000 மைல் தூரத்தில் உள்ளது. இரண்டாம் உலக யுத்தகாலத்தில் அங்குள்ள கப்பல் கட்டுந்துறைகளில் வேலை நாடித் தென்னாட்டுக் கறுப்பு மக்கள் திரளாக வந்தனர். கிரியோலரும் உடன் வந்தனர். கத்தோலிக்கராகிய அவர்கள் ஆலயத்தைச் சார்ந்த மண்டபங்களில் நடனங்கள் நடத்துவது வழக்கம். செயின்ட் மார்க் ஆலய மண்டபத்தில் நடந்த நடனமொன்றையே ஆர்ஹூலி கம்பெனியின் ஸ்தாபகர் கிறிஸ் ஸ்டிராக்விட்ஸ் பதிவு செய்தார்.

அங்குக் கூடினோர் புதுமை காண வந்தவரல்லர். ஊரை விட்டு வந்து, ஊரின் பேச்சை ஓர் இரவேனும் கேட்க விழைந்தோர். செனியர் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் மாறி மாறி அவர்களை விளிக்க, அவர்களும் ஆரவாரத்துடன் மறுமொழி தருகின்றனர். ஆடுவோர் கால் ஓயாதவரையில் வாத்தியமும் ஓய்வதில்லை. அறைப்பதிவைப்போல் ஒலி தெளிவாக இல்லையே என்று குறை கூறுவாருமுளர். அது மெய்யே, ஆயினும் அத்தெளிவுக்காக அம்மறுமொழியை இழக்க நாம் இசையோம்.

பிரெஞ்சைப் பேணுதற்கு லூயிசியானா அரசு 1968ஆம் ஆண்டில் ஒரு சபையை ஏற்படுத்தியது. பிரான்சு, பெல்ஜியம், கியூபெக் முதலிய இடங்களிலிருந்து ஆசிரியர் வரவழைக்கப்பட்டனர். அவர்கள் கற்பித்தது கிரியோலரின் வீட்டுப் பேச்சன்று. செனியர் 1987ஆம் ஆண்டிற் காலமானார். அவர் மைந்தர் சி. ஜே. செனியர் வாத்தியக் குழுவை ஏற்றுக்கொண்டார். ஆர்ஹூலியின் தட்டுக்கள் 2016ஆம் ஆண்டில் ஸ்மித்சோனியன் ஸ்தாபனத்தின் வசமாயின; அன்றிரவின் நடனமும் அவற்றுள் ஒன்றாக இருக்கின்றது.