சகாய விலை லாப்ஸ்டரும் புதிய மீனும்

மேல்நாடுகளில் உயர்ந்த விலை பெறும் கடலுணவுகளுள் லாப்ஸ்டர் ஒன்றாகும். இது நமது கடற்கரையில் அகப்படும் சிங்கி இறாலுக்கு இனமானது. ஆனால் நண்டுக்கு உள்ளதுபோல் முன்புறத்தில் இரண்டு பெரிய கொடுக்குகள் இதற்கு உண்டு. பெரிய ஓட்டல்களிலும் செல்வர் வீட்டு விருந்துகளிலுமே பெரும்பாலும் காணப்பட்டு வந்த இப்பண்டம், 2010-ஆம் ஆண்டுக்குப் பின் பிரிட்டனில் சாதாரணக் குடும்பங்களின் கைக்கும் எட்டலாயிற்று. ஜெர்மனியில் தோன்றி, முறையே 1990-லும் 1994-லும் பிரிட்டனில் கடை திறந்த ஆல்டி, லிடில் என்னும் சகாய விலைக் கடைகள், கிறிஸ்துமஸ் சமயத்தில் வேகவைத்து உறையச் செய்த முழு லாப்ஸ்டரை 10 பவுண்டுக்கும் குறைந்த விலைக்கு விற்கத் தொடங்கின.

இவ்வளவு மலிவாகக் கிடைப்பது பழையதாகவோ கழிக்கப்பட்டதாகவோதான் இருக்கும் என்று சிலர் ஐயுறுகின்றனர். மீன்கடையில் ஐஸ் மீது பரப்பி வைத்திருப்பதே புதியது, பெட்டியில் உறைந்து கிடப்பது அதற்குத் தாழ்ந்தது என்று பலர் எண்ணுகின்றனர். இவ்விரு எண்ணங்களும் எவ்வளவு தூரம் சரியானவை என்பதைத் தெரிந்துகொள்வது, மீன் வாங்குவோருக்கும் மீனும் இறாலும் விளைவிப்போருக்கும் ஒருங்கே பயன்படும்.

விலை குறைவுக்குக் காரணம்

லாப்ஸ்டர் இறந்தவுடன் அதன் ஜீரண உறுப்பிலுள்ள ரசங்கள் தசையில் கலந்து அதைக் குழையச் செய்துவிடும். ஆகையால் சமைக்கும் வரையில் அதை உயிருடனேயே வைத்திருக்க வேண்டும். கனடாவிலிருந்து ஐரோப்பாவுக்கு உயிருடன் அனுப்ப வேண்டுமானால், ஈரமும் குளிர்ச்சியும் குறையாமல் பெட்டியில் அடைத்து ஆகாய விமானத்தில் ஏற்ற வேண்டும். வழியில் இறந்துபோவனவற்றின் நஷ்டமும் மிஞ்சியவற்றின் விலையிலேயே ஏறும். பிடித்த இடத்துக்கு அருகிலேயே வேகவைத்து உறையச் செய்துவிட்டால் இச்செலவுகள் நீங்கும். அது கப்பலில் மெதுவாகச் செல்லலாம். மலிந்த காலத்தில் வாங்கிப் பல மாதங்கள் கழித்தும் விற்கலாம்.

சகாய விலைக் கடைகளில் அகப்படுவது பெரும்பாலும் சிறிய லாப்ஸ்டரே. கனடாவில் செயின்ட் லாரன்ஸ் வளைகுடாவின் தென்பகுதியில், அமெரிக்காவின் மெய்ன் மாகாணத்தில் அனுமதிக்கப்படும் அளவைவிடச் சிறியவற்றையும் பிடிக்கச் சட்டம் இடம் தருகிறது. அவை அநேகமாய்த் தொழிற்சாலைகளுக்கே செல்கின்றன. இவற்றோடு, குறைந்த வகைச் சரக்குகளை மட்டும் ஏராளமாய்க் கொள்முதல் செய்து, வந்த அட்டைப் பெட்டியோடு அடுக்கி, குறைந்த ஆட்களைக் கொண்டு விற்கும் அக்கடைகளின் முறையும் சேர, விலை இறங்குகிறது. எனவே விலைக் குறைவு மட்டுமே கெட்ட சரக்குக்கு அடையாளமாகாது.

எனினும் மலிவுக்கு மற்றொரு முகமும் உண்டு. 2012-ஆம் ஆண்டில் மெய்ன் கடற்பகுதியில் நீர் வழக்கத்துக்கு மேல் வெப்பமுற்றதால், லாப்ஸ்டர்கள் பருவத்துக்கு முன்பே ஓடு கழற்றிப் பெருந்திரளாக அகப்பட்டன. ஓடு மெலிந்தவை நெடுந்தூரப் பயணத்தைத் தாங்கா. தொழிற்சாலைக்கே செல்ல வேண்டும். அச்சமயம் கனடாவின் தொழிற்சாலைகளிலோ வசந்தகாலச் சரக்கே தேங்கியிருந்தது. அவ்வாண்டில் மெய்ன் மீனவர்கள் 12 கோடி ராத்தலுக்கு மேல் பிடித்தும், ராத்தலுக்குச் சராசரி 2 டாலர் 69 சென்ட்தான் பெற்றார்கள். ஆகஸ்டு மாதத்தில் கனடாவின் நியூ பிரன்ஸ்விக் மாகாண மீனவர்கள், மெய்ன் சரக்கு உள்ளே வராதபடி தொழிற்சாலைகளை மறித்து நின்றார்கள். அமோக விளைச்சலே விளைவித்தவனுக்கு நஷ்டமாக முடிவது நெல்லுக்கும் வெங்காயத்துக்கும் மட்டும் உரியதன்று.

மீன் கெடும் விதம்

மீன் இறந்தபின் சிறிது நேரத்தில் உடல் விறைத்து, பிறகு தளர்கிறது. அதன்பின் தசையிலுள்ள ரசங்கள் தசையையே கரைக்கத் தொடங்குகின்றன. தோலிலும் செவுளிலும் குடலிலும் இருந்த நுண்கிருமிகள் பெருகி உட்புகுகின்றன. கடல் மீனின் தசையில் இயல்பாக உள்ள மணமற்ற ஒரு பொருளைக் கிருமிகள் சிதைப்பதாலேயே நாம் மீன் நாற்றம் என்று சொல்லும் வாடை உண்டாகிறது. ஆகவே வாடை வீசும் மீன் மீனுக்குரிய மணத்தைக் காட்டவில்லை. தன் வயதையே காட்டுகிறது. கொழுப்பு மிகுந்த மீன்களில் காற்றுப் பட்டுக் கொழுப்பு காறிப்போவதும் சேர்ந்துகொள்ளும்.

இவை யாவும் வெப்பத்தைப் பொறுத்தவை. ஐஸ் உருகும் பூஜ்ய டிகிரியில் மீன் கெடும் வேகத்தை ஒரு பங்கு எனக் கொண்டால், 5 டிகிரி சென்டிகிரேடில் அது ஏறக்குறைய இரண்டேகால் பங்காகவும், 10 டிகிரியில் நான்கு பங்காகவும் ஆகிறது. அதாவது 10 டிகிரியில் ஒரு நாள் கிடந்த மீனுக்கு, ஐஸில் நான்கு நாள் கிடந்த மீனின் வயது ஏறிவிடும். மீனின் வயதை நாளைக் கொண்டு மட்டும் கணக்கிடலாகாது என்பது இதனால் விளங்கும்.

“புதியது” என்னும் சொல்

ஸ்காட்லாந்தில் அபர்டீன் நகரின் டோரி ஆராய்ச்சி நிலையம், 1929 முதல் 1996-இல் மூடப்படும் வரை, மீன் கெடாமல் காக்கும் முறைகளை ஆராய்ந்து வந்தது. வேகவைத்த மீனின் மணத்துக்கும் சுவைக்கும் 10 முதல் 3 வரை மதிப்பெண் இடும் முறையை வகுத்தது அந்நிலையமே. காட் என்னும் மீனை நன்றாக ஐஸில் இட்டு வைத்தால், முதல் சில நாட்கள் இனிமையான சுவை இருக்கும்; 10 நாள் அளவில் சுவை மங்கிச் சப்பென்றாகும்; ஏறக்குறைய 15 நாளில் உண்ணத் தகாததாகிவிடும்.

முற்காலத்தில் ஹல், கிரிம்ஸ்பி துறைமுகங்களிலிருந்து ஐஸ்லாந்துக் கடலுக்கும் வடதுருவத்தை அடுத்த கடலுக்கும் சென்ற படகுகள் திரும்பி வர ஏறக்குறைய மூன்று வாரமாகும். முதல் வலையில் விழுந்த மீன் கரைக்கு வரும்போதே பல நாள் பழையது. அதையும் புதிய மீன் என்றே விற்றார்கள். பிடித்த இடத்திலேயே மீனை வெட்டி உறையச் செய்யும் பெரிய கப்பல் ஃபேர்ட்ரை என்னும் பெயரால் 1954-இல் கடலுக்குச் சென்றது. வலையிலிருந்து எடுத்த சில மணி நேரத்தில் உறைந்த மீன், உருக்கிச் சமைக்கும்போது, ஐஸில் பத்து நாள் கிடந்த “புதிய” மீனைவிடச் சுவையில் மேலாயிருப்பதில் வியப்பில்லை.

மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. பிரிட்டனின் மீன்கடைகளில் ஐஸ் மீது அழகாகப் பரப்பியிருக்கும் வெப்பநாட்டு இறால்கள் அநேகமாய் யாவும் உறைந்த நிலையில் வந்து கடையில் உருக்கப்பட்டவையே. பச்சையாக உண்ணும் மீனையோ, அதிலுள்ள புழுக்கள் சாகும் பொருட்டு, பூஜ்யத்துக்குக் கீழ் 20 டிகிரியில் ஒரு நாளேனும் உறையச் செய்ய வேண்டும் என்று ஐரோப்பியச் சட்டம் விதிக்கிறது. வளர்ப்பு மீன் சிலவற்றுக்கு விலக்குண்டு. மிகப் புதியது என்று நம்பி உண்ணப்படும் பச்சை மீனே பெரும்பாலும் ஒரு தடவை உறைந்து எழுந்தது.

உறையச் செய்வதன் குணமும் குறையும்

கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ என்னும் அமெரிக்கர் 1912-க்குப் பின் லாப்ரடாரில் வசித்தபோது, கடுங்குளிரில் பிடித்த மீன் உடனே உறைந்து, பல நாள் கழித்தும் சுவை கெடாதிருப்பதைக் கண்டார். பின்னர் அதே விரைவைத் தரும் இயந்திரங்களை அமைத்தார். 1930-இல் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் அவர் முறைப்படி உறைந்த உணவுகள் சில்லறைக் கடைகளில் விற்பனைக்கு வந்தன. விரைவே இதில் முக்கியம். மெதுவாக உறைந்தால் தசைக்குள் பெரிய பனிப் படிகங்கள் தோன்றித் தசையைக் கிழிக்கும். உருக்கும்போது சாறு வடிந்து மீன் சக்கையாகும்.

உறைந்த மீனும் என்றென்றும் மாறாதிருப்பதன்று. பூஜ்யத்துக்குக் கீழ் 18 டிகிரியில் கிருமிகள் அடங்கினும், தசை நாளடைவில் வறண்டு நாராகும், கொழுப்பு காறும். டோரி நிலையத்தார் 30 டிகிரி கீழே வைப்பதே சிறந்ததென்றார்கள். வேகவைத்து உறைந்த லாப்ஸ்டர் உயிருடன் வாங்கிச் சமைத்ததற்கு ஈடாகாது என்பதையும் ஒளிக்க வேண்டியதில்லை. அது சற்றுக் கடினமாகவும் நார்போலும் இருக்கும். குழம்புக்கும் சூப்புக்கும் ஏற்றது. கொடுத்த விலைக்குத் தக்க பண்டமே.

வாங்குவோர் கவனிக்க வேண்டியவை

1. முழு மீனாயின், கண் பிதுங்கித் தெளிவாயும், செவுள் சிவந்தும், தசை அழுத்திய விரலை எதிர்த்து எழும்புவதாயும், வாடை கடல்நீரையோ கடற்பாசியையோ ஒத்தும் இருக்க வேண்டும். குழிந்த கண், பழுப்பு நிறச் செவுள், தளர்ந்த வயிறு ஆகியவை பழைய மீனின் அடையாளங்கள்.

2. துண்டு போட்ட மீனில் இவ்வடையாளங்கள் மறைந்துவிடும். ஆகையால் முகர்ந்தும் சீட்டைப் படித்தும் வாங்குக. 2014 டிசம்பர் 13 முதல், மீனின் பெயர், பிடித்த கடல், பிடித்த முறை, உறைந்து உருக்கப்பட்டதா என்பவற்றை அறிவிக்க ஐரோப்பியச் சட்டம் கட்டளையிடுகிறது.

3. சிப்பி, மட்டி வகைகள் உயிருடன் இருக்க வேண்டும். தட்டினால் வாய் மூடாதவற்றைத் தள்ளுக.

4. உறைந்த இறாலுக்கு ஐஸ் பூச்சு இடுவதுண்டு. பூச்சு நீக்கிய எடைக்கே விலையை ஒப்பிடுக. பாஸ்பேட் உப்பு நீரில் ஊறிய ஸ்காலப் சிப்பி, சட்டியில் இட்டதும் நீரைக் கக்கி வறுபடாது வேகும். சேர்மானப் பட்டியலில் நீர் சேர்த்திருப்பதைக் கண்டால், நீருக்கும் விலை கொடுப்பதாக அறிக.

5. உள்ளே வெண்பனி மண்டிய பை, ஓரம் வெளுத்து உலர்ந்த துண்டு ஆகியவற்றை வாங்கலாகாது. நடுவே உருகி மீண்டும் உறைந்ததற்கும், நாட்பட்டதற்கும் அவை குறிகள்.

6. உருக்குவதைக் குளிர்ப்பெட்டிக்குள் இரவு முழுதும் வைத்துச் செய்க. உருகியதை மீண்டும் உறையச் செய்யற்க.

விளைவிப்போர் பங்கு

இதில் நம் விவசாயிகளுக்கும் தொடர்புண்டு. 2009-இல் வனாமி இறால் வளர்ப்பு அனுமதிக்கப்பட்ட பின், இந்தியா ஏற்றுமதி செய்யும் கடலுணவில் உறைந்த இறால் முதலிடம் பெற்றுள்ளது. நாகப்பட்டினம் முதலிய கடற்கரை ஜில்லாக்களின் குளங்களில் வளர்ந்ததும் அதில் உண்டு. குளக்கரையில் இறாலைப் பிடித்த அக்கணமே ஐஸும் நீரும் கலந்த தொட்டியில் இட்டு, எடைக்குச் சம எடை ஐஸ் சேர்த்து அனுப்புதல் வேண்டும். வெயிலில் ஒரு மணி நேரம் கிடந்ததன் குறையை, பிறகு எவ்வளவு விலையுயர்ந்த இயந்திரத்தாலும் திருப்ப இயலாது. உறைய வைத்தல் உள்ள குணத்தை நிறுத்தி வைக்குமேயன்றி, இழந்த குணத்தை மீட்டுத் தராது.

ஆகவே மீனின் புதுமை கடையின் பெயர்ப்பலகையிலும் இல்லை. விலையின் ஏற்றத்திலும் இல்லை. இறந்தது முதல் அடுப்பேறும் வரை அது எத்தனை மணி நேரம், எத்தனை டிகிரி வெப்பத்தில் கிடந்தது என்பதிலேயே உள்ளது. அக்கணக்கை மறைக்காமல் சொல்லும் கடை, சகாய விலைக் கடையானாலும், நல்ல கடையே.