"தூக்க முடியாது" என்றார்கள். முதல் இடம் பிடித்தார்!

தள்ள முடியுமா? இழுக்க முடியுமா? பாரம் தூக்க முடியுமா?

மூட்டை சுமக்கும் வேலைக்கு அல்ல. அதிகாரி வேலைக்குத்தான் இப்படிப் பார்த்தார்கள்!

மீரட்டில் பிறந்தவர் ஈரா சிங்கால். முதுகெலும்பு வளைந்தவர். கைகளை நன்றாக அசைக்க இயலாது. 2010-ம் ஆண்டு சிவில் சர்வீஸ் பரீட்சையில் தேறினார். இந்த மூன்றும் முடியாது என்று காரணம் காட்டி, வருவாய்த் துறையில் வேலை தர மறுத்துவிட்டார்கள்.

வழக்கு

ஈரா சும்மா இருக்கவில்லை. மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்தில் வழக்குப் போட்டார். 2014-ல் வெற்றி! வேலையும் கிடைத்தது.

அத்தோடு விட்டாரா? இல்லை. கலெக்டர் ஆவது அவரது சிறு வயது ஆசை. மறுபடியும் பரீட்சை எழுதினார். 2015-ல் முடிவு வந்தது. நாட்டிலேயே முதல் இடம்! அதுவும் பொதுப் பட்டியலில்!

கோப்பில் கையெழுத்துப் போட, மூட்டை தூக்கும் பலம் எதற்கு?