கண்ணைப் பறிக்கும் மஞ்சளுக்குள் என்ன இருக்கிறது?

லண்டன், ரொறன்ரோ, பாரிஸ், எங்கே இருந்தாலும் ஊருக்குப் போய் வருகிற எங்கட ஆட்களின் சூட்கேசில் ஒரு பக்கம் தூள் பைகளுக்குத்தான். கறித்தூள், மிளகாய்த்தூள், மஞ்சள் தூள். "இங்க கடையில வாங்கிறதுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை" என்பது எல்லா வீட்டிலும் கேட்கிற பேச்சு. மணத்தை விடுங்கள். அந்த நிறத்தைப் பற்றித்தான் கொஞ்சம் கதைக்க வேண்டியிருக்கிறது.

ஈயக் குரோமேட் என்று ஒரு உப்பு. உப்பு என்றால் கறிக்குப் போடுகிற உப்பு இல்லை, வேதியியலில் சொல்லுகிற உப்பு. ஈயமும் குரோமியமும் ஒக்சிசனும் சேர்ந்தது. பளிச்சென்ற மஞ்சள் நிறம், தண்ணீரில் கரையாது, கையில் எடுத்தால் அளவுக்கு மீறிய கனம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து ஓவியர்கள் இதை 'குரோம் மஞ்சள்' என்று பயன்படுத்தினார்கள். வான்கோவின் சூரியகாந்திப் பூக்களில் இருப்பதும் இதுதான். வெளிச்சம் பட்டுப் பட்டு இன்றைக்கு அதில் சில இடங்கள் பழுப்பாகிக் கிடக்கின்றன. வீதியில் போடுகிற மஞ்சள் கோடு, அமெரிக்கப் பள்ளிக்கூட பஸ், பிளாஸ்டிக் சாமான் என்று பிறகு எல்லா இடமும் வந்தது. மலிவு, வெயில் மழைக்கு ஓரளவு தாங்கும், நிறமோ கண்ணைப் பறிக்கும். சுவருக்கும் இரும்புக்கும் பூசவென்று செய்த சாமான் இது. ஐரோப்பிய ஒன்றியம் 2015க்குப் பிறகு சிறப்பு அனுமதி இல்லாமல் இதைப் பயன்படுத்த விடவில்லை.

இது சமையலறைக்குள் வந்த கதையைத் தெளிவாகப் பார்க்க வேண்டுமென்றால் பங்களாதேசத்துக்குப் போகவேண்டும். 1980களில் அங்கே பெருவெள்ளம் வந்து மஞ்சள் கிழங்கு சரியாகக் காயாமல் கறுத்துப் போனது. கறுத்த மஞ்சளை யார் வாங்குவது? வியாபாரிகள் கிழங்கை மினுக்கும்போது ஒரு மஞ்சள் பொடியையும் சேர்த்துப் போட்டு உருட்டினார்கள். கிழங்கு தங்கம் மாதிரி மின்னியது, விலையும் கூடியது. வெள்ளம் வற்றிய பிறகும் பழக்கம் நின்றுவிட்டது. தாங்கள் போடுவது நஞ்சு என்று பல பேருக்குத் தெரியவே தெரியாது. நிறம் கூட்டுகிற பொடி, அவ்வளவுதான்.

பின்னாளில் கிராமத்துக் கர்ப்பிணிப் பெண்களின் இரத்தத்தில் ஈயம் கூடுதலாக இருப்பதைக் கண்ட ஆய்வாளர்கள், எங்கிருந்து வருகிறது என்று தேடினார்கள். ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜென்னா போர்சித்தும் அவரது குழுவும் ஈயத்தின் ஐசோடோப்புகளை ஒப்பிட்டுப் பார்த்தபோது அது மஞ்சளைக் காட்டியது. 2019இல் வெளிவந்த அவர்களின் ஆய்வு, மஞ்சள் விளையும் 9 மாவட்டங்களில் 7இல் இந்தக் கலப்படத்துக்கு ஆதாரம் உண்டு என்றது. சில மாதிரிகளில் ஈயம் பத்து இலட்சத்தில் ஆயிரம் பங்குக்கும் மேல்.

ஆயிரம் பங்கு என்றால் என்ன? கறிக்கு அரை கிராம் மஞ்சள் போடுகிறீர்கள் என்று வையுங்கள். அதில் 500 மைக்ரோகிராம் ஈயம். நாலு பேர் பகிர்ந்து சாப்பிட்டால் ஆளுக்கு 125. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் பிள்ளைகளுக்கு வைத்திருக்கிற அளவுகோல் ஒரு நாளைக்கு 2.2 மைக்ரோகிராம். ஒரு கறியிலேயே ஐம்பது மடங்குக்கு மேல் போய்விட்டது.

தண்ணீரில் கரையாதது வயிற்றுக்குள் போய் என்ன செய்யும் என்று கேட்கலாம். வயிற்றில் இருப்பது தண்ணீர் இல்லை, அமிலம். அங்கே அது ஈயத்தை விடுகிறது. உடம்புக்கு ஈயத்தையும் கல்சியத்தையும் சரியாகப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. ஈயத்தைக் கொண்டுபோய் எலும்பில் சேமித்து வைக்கும், பல பத்து வருசத்துக்கு. பெண் கர்ப்பமாகும்போது எலும்பிலிருந்து கல்சியம் வெளியே வரும், கூடவே பழைய ஈயமும் வரும், பிள்ளைக்குப் போகும். வளர்ந்தவரைவிடச் சின்னப் பிள்ளையின் குடல் ஈயத்தைப் பல மடங்கு உறிஞ்சும். இரும்புச்சத்து குறைந்த பிள்ளை என்றால் இன்னும் கூட. படிப்பு, கவனம், நடத்தை எல்லாவற்றையும் தொடும். இதற்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. குரோமியம் வேறு. அந்தப் பொடியைச் சுவாசிக்கிற தொழிலாளிக்கு நுரையீரல் புற்றுநோய் வரை கொண்டுபோகும்.

பங்களாதேசம் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை, அதையும் சொல்லவேண்டும். 2019இலேயே சந்தைக்குள் புகுந்து மஞ்சளைப் பறித்தார்கள், மொத்த வியாபாரிகளுக்குத் தண்டம் போட்டார்கள், பத்திரிகையில் போட்டு நாறடித்தார்கள். சந்தை மாதிரிகளில் 47 சதவீதத்தில் இருந்த ஈயக் கலப்படம் 2021இல் பூச்சியமாகியது. ஆனால் 2024இல் வந்த இன்னொரு ஆய்வு பாட்னா, கராச்சி, பெஷாவர் ஆகிய இடங்களில் அதே ஆயிரம் பங்கு அளவைக் கண்டது.

இது மஞ்சளோடு நிற்கவில்லை. 2023இல் அமெரிக்காவில் குழந்தைகள் உறிஞ்சிக் குடிக்கிற அப்பிள் கூழ்ப் பைகளில் ஈயம் கண்டுபிடிக்கப்பட்டது. எக்வடோரில் அரைத்த கறுவாத் தூள்தான் காரணம். அதிலும் குரோமியம் சேர்ந்தே இருந்தது. கடைச் சாமான் என்றபடியால் பிடிபட்டது, திருப்பி எடுக்கப்பட்டது. சூட்கேசில் வருகிற பையை யார் திருப்பி எடுப்பது? நியூயோர்க் நகர சுகாதாரத் துறை பல வருசமாகப் பரிசோதித்துச் சொன்னதும் இதுதான்: உள்ளூர்க் கடையில் வாங்கிய மசாலாவைவிட வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த மசாலாவில் சராசரி ஈயம் கூடுதல்.

ஈரோட்டு மஞ்சளும் மாத்தளை மஞ்சளும் நஞ்சு என்று யாரும் படித்துவிட வேண்டாம். விளைகிற மண்ணில் பிழை இல்லை, இடையில் நிற்கிற கைகளில்தான் சந்தேகம். இலங்கையில் 2019 கடைசியில் மஞ்சள் இறக்குமதி தடைப்பட்டு, கிலோ பல ஆயிரம் ரூபாய்க்குப் போய், மன்னார்க் கடலில் மஞ்சள் மூட்டை கடத்திய காலம் நினைவிருக்கும். அந்த மாதிரி நேரத்தில் பையில் வருவது எந்தச் சந்தையில் யார் அரைத்தது என்று கேட்க வழியே இல்லை.

"நாங்கள் எத்தினை வருசமாச் சாப்பிடுறம், எங்களுக்கு என்ன வந்தது?" என்று அம்மாமார் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் ஈயம் காய்ச்சல் மாதிரி முகத்தில் தெரிவதில்லை. தண்ணீர்க் கிளாசில் தூளைப் போட்டுப் பார்க்கிற யூடியூப் பரிசோதனையும் உதவாது. பத்து இலட்சத்தில் சில பங்கைக் கண் பிடிக்காது. முழுக் கிழங்கு வாங்கி அரைத்தால் தப்பலாம் என்பதும் பாதி உண்மைதான், பங்களாதேசத்தில் நிறம் பூசியதே கிழங்குக்கு. மினுக்காத, மங்கலான கிழங்கு என்றால் பரவாயில்லை. பெயரும் தொகுதி எண்ணும் போட்டு இங்கே விற்கிற பைக்கு ஒரு சட்டமாவது இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் மஞ்சள் போன்ற கிழங்கு மசாலாவுக்கு ஈய எல்லை 1.5, இந்தியாவில் 10.

வீட்டில் கர்ப்பிணியோ ஆறு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையோ இருந்தால் வைத்தியரிடம் ஈயத்துக்கான இரத்தப் பரிசோதனை கேளுங்கள். நியூயோர்க் மாநிலத்தில் ஒரு வயதிலும் இரண்டு வயதிலும் அது கட்டாயம். வேறு பல இடங்களில் நீங்கள் வாய் திறந்து கேட்டால்தான் நடக்கும். "ஊரிலிருந்து வந்த தூளைத்தான் தினமும் சமைக்கிறோம்" என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், அவர்களுக்கு அது தானாகத் தோன்றாது. முடிவு கூடுதலாக வந்தால் பதற்றத்தில் அந்தப் பையைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். சமைப்பதை நிறுத்திவிட்டு, கட்டி ஒரு பக்கம் வையுங்கள். சுகாதாரத் துறைக்காரர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.